வாடகை நாற்காலியும் வளரும் பழக்கமும்

புனேயின் பாணேரில், ஒரே கூரையின் கீழ் தனித்தனியாக வேலை பார்ப்பவர்கள் விசிட்டிங் கார்டு நீட்டாமலே தொழில் உறவுகளைச் சம்பாதிக்கிறார்கள்

காலை ஒன்பதரை மணி. பாணேர் சாலையில் வாகனங்கள் நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று சொல்வது கடினம். ஹிஞ்சவடிக்குப் போகும் கம்பெனி பஸ்கள், பள்ளி வேன்கள், தலையில் ஹெல்மெட்டும் முதுகில் பையுமாக ஆயிரக்கணக்கான இருசக்கர வாகனங்கள். இந்த நெரிசலிலிருந்து சிலர் மட்டும் விலகி, சாலையோரக் கண்ணாடிக் கட்டடங்களின் லிஃப்டுக்குள் நுழைகிறார்கள். மாடியில் அவர்களுக்காகக் காத்திருப்பவை நீளமான மேஜைகள், வரிசையாக நாற்காலிகள், மின்சார இணைப்புகள், வேகமான இன்டர்நெட், ஓயாமல் முனகும் காபி மெஷின்.

எந்த நாற்காலியும் யாருக்கும் சொந்தமில்லை. முதலில் வருபவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம். ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஒரு வாரம் கவனித்தால் வேடிக்கை புரியும். ஜன்னலோரத்தில் அதே கணக்காளர். தூணுக்குப் பக்கத்தில் அதே வீடியோ எடிட்டர். காபி மெஷினுக்கு எதிரே, முதல் கோப்பை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் அதே சாஃப்ட்வேர் இளைஞர். ரயிலில் சீசன் டிக்கெட்காரர்கள் இடம் பிடிப்பது போல, யாரும் எழுதி வைக்காத ஒரு ஒழுங்கு தானாகவே உருவாகிவிடுகிறது. புதிதாக வந்தவர் தெரியாமல் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டால் கணக்காளர் எதுவும் சொல்வதில்லை. சற்றுத் தயங்கி நின்றுவிட்டு, அடுத்த நாற்காலிக்குப் போகிறார். அன்று மாலைக்குள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

கோ-வொர்க்கிங் என்று அழைக்கப்படும் இந்தக் கூடங்கள் விற்பது மேஜையையும் மின்சாரத்தையும்தான். ஆனால் வாடகை கொடுப்பவர்களில் பலர் தேடுவது, விலைப்பட்டியலில் இல்லாத ஒன்றை. தனியாகத் தொழில் செய்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அடுத்த மாத வேலை எங்கிருந்து வரும் என்ற கேள்வி தினமும் அவரோடு கண்விழிக்கிறது. அந்த வேலை பெரும்பாலும் ஒரு மனிதரின் மூலமாகத்தான் வரும். அந்த மனிதரை எங்கே, எப்படிச் சந்திப்பது?

வயலிலிருந்து கண்ணாடிக்கு

பாணேருக்கே இந்த வாழ்க்கை புதிது. முளா ஆறும் அதில் கலக்கும் ராம்நதியும் ஒரு பக்கம், வறண்ட குன்றுகள் மறு பக்கம் என்று நடுவே கிடந்த விவசாய கிராமம் இது. குன்றின் சரிவில் பாறையைக் குடைந்து அமைத்த பாணேஷ்வர் குகைக் கோயில் இன்றும் இருக்கிறது. மேலே துகாய் தேவி கோயில். 1994-ல் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பக்கத்து பாலேவாடியில் சத்ரபதி சிவாஜி பெயரில் பிரும்மாண்டமான விளையாட்டு வளாகம் எழுந்தபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர் இருப்பதே தெரிந்தது. 2008-ல் காமன்வெல்த் இளைஞர் விளையாட்டுகளும் அங்கேயே நடந்தன.

1997-ல் புனே மாநகராட்சி தன் எல்லையை விரித்தபோது பாணேரும் நகரத்துக்குள் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், மும்பை-பெங்களூர் நெடுஞ்சாலைக்கு அப்பால் ஹிஞ்சவடியில் ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க் வளரத் தொடங்கியது. நகரத்துக்கும் ஹிஞ்சவடிக்கும் நடுவில் இருந்த பாணேரின் நிலத்துக்கு மவுசு வந்தது. ஜோள வயல்கள் அடுக்குமாடிகளாயின. அடுக்குமாடிகளின் கீழே வங்கிகளும் ஹோட்டல்களும் ஜிம்களும் முளைத்தன.

கூடவே நெரிசலும் வந்தது. பல்கலைக்கழக சதுக்கத்தில் இருந்த மேம்பாலம் 2020-ல் இடிக்கப்பட்டது. ஹிஞ்சவடியையும் சிவாஜிநகரையும் இணைக்கும் சுமார் 23 கி.மீ. மெட்ரோ பாதை பாணேர் சாலை வழியாகத் திட்டமிடப்பட்டதால் அந்த இடத்தைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. தொடக்கத்தில் இது விடுதலையாகத் தெரிந்தது. சில மாதங்களில் சாப்பாட்டு மேஜையே அலுவலகமாகி, குக்கர் விசிலுக்கும் வீடியோ மீட்டிங்குக்கும் இடையே மனிதர்கள் திணறினார்கள். ஊரடங்கு விலகியபோது சிலர் பழைய அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். சிலருக்குத் திரும்பிப் போக அலுவலகமே இல்லை. அவர்களுடைய கம்பெனி வேறு நகரத்திலோ வேறு நாட்டிலோ இருந்தது. வேறு சிலர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கியிருந்தார்கள். இந்த இரண்டாம், மூன்றாம் வகையினருக்கு வீட்டுக்கு அருகிலேயே ஒரு நாற்காலி தேவைப்பட்டது.

சான்பிரான்சிஸ்கோவும் சிங்கப்பூரும்

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சூட்டியவர் அமெரிக்கரான பிராட் நியூபெர்க் என்ற சாஃப்ட்வேர் பொறியாளர். 2005-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்கள் அமைப்பின் இடத்தில் சில மேஜைகளைப் போட்டுத் தொடங்கினார். தனியாக வேலை செய்யும் சுதந்திரமும் வேண்டும், சக மனிதர்களின் துணையும் வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். ஐந்தே ஆண்டுகளில் நியூயார்க்கில் பிறந்த வீவொர்க் அந்த எளிய எண்ணத்தை மாபெரும் வியாபாரமாக்கியது. 2017-ல் இந்தியாவுக்கும் வந்தது. தாய் நிறுவனம் 2023-ல் அமெரிக்காவில் திவால் மனு போட்டது வேறு கதை. இதற்குள் இந்தியாவில் 91ஸ்பிரிங்போர்டு, ஆஃபிஸ், ஸ்மார்ட்வொர்க்ஸ் என்று உள்நாட்டுப் பெயர்கள் நிலைபெற்றுவிட்டன.

ஆனால் தமிழர்கள் இதை அமெரிக்கப் புதுமை என்று வியக்கத் தேவையில்லை. கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்யப் போன நகரத்தார் இதே ஏற்பாட்டை சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நடத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கிட்டங்கி. நீண்ட கூடம் ஒன்றுதான். அதில் பல விலாசங்கள் தொழில் நடத்தும். ஆளுக்குச் சில அடி இடம், கணக்கு எழுத ஒரு சாய்வு மேஜை, பணமும் பத்திரமும் வைக்க ஒரு பெட்டி. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பகலில் வியாபாரம். இரவில் அங்கேயே படுக்கை. சமையல் பொது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், அடுத்தாளாகி, பிறகு கடையையே பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டாக உயர்வான். தன் முதலாளியிடம் மட்டுமல்ல, பக்கத்துப் பெட்டியில் நடப்பதைப் பார்த்தும் அவன் தொழில் கற்றான். ஒருவருக்கு ரொக்கம் குறைந்தால் அடுத்த பெட்டி கைகொடுக்கும். யார் நம்பிக்கையானவர், யார் கணக்கு தள்ளாடுகிறது என்பது கூடத்துக்கே தெரியும். பர்மாவில் ரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடித் தங்களுக்குள்ளான நடப்பு வட்டியைத் தீர்மானித்ததும் இதே உறவின் பலத்தில்தான்.

கிட்டங்கியில் யாரும் யாரையும் சந்திப்பதற்கென்று ஒரு மாலை நேரத்தை ஒதுக்கவில்லை. தினமும் ஒரே இடத்தில் இருந்ததால் பழகினார்கள். ஆனால் அந்த நம்பிக்கைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அனைவரும் ஒரே சமூகம். பெரும்பாலும் சம்பந்திகள், பங்காளிகள். ஏமாற்றினால் ஊரில் தலைகாட்ட முடியாது. பாணேர் கூடத்தில் அந்த வசதி கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரர் நாக்பூரா, நாகர்கோவிலா என்பதே பல நாள் தெரியாது. நம்பிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அவர் சொன்ன நேரத்தில் வருகிறாரா, ஃபோனில் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுகிறார், தவறு நேர்ந்தால் ஒப்புக்கொள்கிறாரா, கோபத்தில் என்ன செய்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒரு மதிப்பீடு உருவாகிறது. எந்த பயோடேட்டாவிலும் இந்தத் தகவல்கள் இருக்காது.

குட்டிச்சுவரும் கட்டாவும்

புனேக்கும் இந்தக் கலையில் சொந்த மரபு உண்டு. மராத்தியில் கட்டா என்று ஒரு சொல். நண்பர்கள் கூடி உட்கார்ந்து அரட்டையடிக்கும் திண்டு அல்லது சிறு சுவர். தமிழில் குட்டிச்சுவர் என்றால் உருப்படாதவர்களின் இருப்பிடம்; புனேயில் கட்டா கௌரவமான இடம். எழுத்தாளர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் ஓய்வு பெற்ற பேராசிரியர்களுக்கும் தனித்தனிக் கட்டாக்கள் உண்டு. இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த தேநீர் விற்கும் அம்ருததுல்ய கடைகள் அவற்றின் கிளை அலுவலகங்கள். டெக்கான் பகுதியில் 1935-ல் தொடங்கிய இரானி ஹோட்டலான குட்லக், ஃபெர்குசன் கல்லூரிச் சாலையின் வைஷாலி, ரூபாலி ஆகியவற்றில் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நடந்த விவாதங்கள் பல. தமிழ் வாசகர்களுக்குக் கூடுதல் தகவல்: கன்னட நாட்டிலிருந்து வந்த ஜெகந்நாத் ஷெட்டி நடத்திய வைஷாலியும் ரூபாலியும் தொடக்க காலத்தில் தாங்கியிருந்த பெயர்களில் ‘மெட்ராஸ்' இருந்தது. இட்லி தோசைக்கு அப்போது அந்தப் பெயரே உத்தரவாதம்.

கம்ப்யூட்டர் தொழிலிலும் பகிர்ந்துகொள்வது புனேக்குப் புதிதல்ல. 1990-ல் மத்திய அரசு முதல் சாஃப்ட்வேர் தொழில்நுட்பப் பூங்காக்களைத் தொடங்கிய மூன்று நகரங்கள் பெங்களூர், புவனேஸ்வர், புனே. வெளிநாட்டுக்குத் தகவல் அனுப்ப சாட்டிலைட் இணைப்பு தனியாக வாங்க முடியாத சிறு கம்பெனிகள் அந்தப் பொது வசதியைப் பயன்படுத்தி ஏற்றுமதி செய்தன. 2008-ல் நகரத்தின் இளம் தொழில் முனைவோர் ‘ஓப்பன் காபி கிளப்' என்ற பெயரில் முறைசாராமல் கூடத் தொடங்கினார்கள். கட்டா அதே கட்டாதான். பேச்சு மட்டும் முதலீடு, கோடிங் என்று மாறியிருந்தது.

தெரிந்தவரின் பலம்

பழகினால் வேலை வரும் என்பது வெறும் அனுபவ ஞானமல்ல. அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனுக்கு அருகே நியூட்டனில் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களிடம் ஆய்வு நடத்தி 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த நபரை அடிக்கடி சந்திப்பவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு வழிகாட்டியது எப்போதாவது பார்க்கிற அறிமுகம். காரணம் எளியது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி நிற்பவர் வேறு உலகத்தில் வாழ்கிறார். அங்கிருந்து வேறு செய்தி கொண்டுவருகிறார். சுமார் 2 கோடி லிங்க்ட்இன் உறுப்பினர்களை வைத்து நடத்தப்பட்டு 2022-ல் ‘சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வும் இதை ஆமோதித்தது. ஒரு சிறு திருத்தம் மட்டும்: முற்றிலும் அந்நியரைவிட, ஓரளவு தெரிந்தவரே அதிகம் உதவுகிறார்.

தமிழில் இதற்கு நுட்பமான படிநிலைகள் உண்டு. தெரிந்தவர், பழக்கமானவர், வேண்டியவர். கோ-வொர்க்கிங் கூடம் செய்வது, தெரிந்தவரைப் பழக்கமானவராக்கும் வேலையை. அதற்கு மேல் போவதும் போகாததும் அவரவர் விருப்பம்.

இதில் தூரத்துக்கும் பங்கு உண்டு. எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களில் ஆராய்ச்சிக் கூடங்களை அளந்து பார்த்தார். மேஜைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட, பேச்சு சரசரவென்று சரிகிறது. சுமார் 50 மீட்டருக்கு அப்பால் ஒரே கட்டடத்தில் இருப்பதும் வேறு கட்டடத்தில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்று. அண்மையில் அமெரிக்காவின் பெரிய கூடம் ஒன்றில் 251 இளம் நிறுவனங்களை ஆராய்ந்தவர்கள் இன்னும் குறுகிய எல்லை போட்டார்கள். இடம் குலுக்கல் போல ஒதுக்கப்பட்ட அந்தக் கூடத்தில், 20 மீட்டருக்குள் இருந்தவர்கள்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் புதிய தொழில்நுட்பத்தைக் கணிசமாகக் கற்றார்கள். சமையலறை போன்ற பொது இடத்தைச் சேர்ந்து பயன்படுத்தியவர்களுக்கு அந்த எல்லை சற்று நீண்டது. காபி மெஷின் எங்கே வைக்கப்படுகிறது என்பது வெறும் பிளம்பர் விவகாரமல்ல என்று இதற்குப் பொருள்.

அதற்காகச் சுவர்களையெல்லாம் இடித்துவிட்டால் அனைவரும் பேசிக்கொள்வார்கள் என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தடுப்புகளை நீக்கிய இரண்டு பெரிய கம்பெனி அலுவலகங்களில் நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவிகிதம் குறைந்தது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் மனிதன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தனக்கென்று ஒரு சுவரைக் கட்டிக்கொள்கிறான். பேச விருப்பமும், பேசாமலிருக்க உரிமையும் சேர்ந்து இருந்தால்தான் பழக்கம் முளைக்கிறது.

சார்ஜர் கடன்

மதுரையிலிருந்து வந்த ஒரு கிராஃபிக் டிசைனர் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் சம்பளத்துக்கு இருந்தவர். மனைவிக்கு ஹிஞ்சவடியில் வேலை கிடைத்ததால் பாணேருக்குக் குடிவந்து, தனியாகத் தொழில் தொடங்குகிறார். இந்தி அரைகுறை, மராத்தி சுத்தமாக இல்லை. முதல் சங்கடம் அழைப்பதில் வருகிறது. கூடத்தில் ஐம்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நம் ஆளுக்கு நாக்கு எழவில்லை, ‘சார்' என்கிறார். அவர் சிரிக்கிறார். தேநீர் கொண்டுவரும் பெரியவரை மராத்திக்காரர்கள் ‘காகா' என்கிறார்கள், துப்புரவுப் பெண்மணியை ‘தாயி' என்கிறார்கள். அது இவருக்கு உடனே பிடிபடுகிறது. உறவு முறை வைத்து அழைப்பது மதுரைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே.

முதல் மாதம், கூடத்தின் நிர்வாகம் வெள்ளிக்கிழமை மாலை ஓர் அறிமுகக் கூட்டம் நடத்துகிறது. சமோசா, குளிர்பானம், சட்டையில் பெயர்ச் சீட்டு. ஒவ்வொருவரும் அரை நிமிடத்தில் தன்னைப் பற்றிச் சொல்கிறார்கள். அனைவரும் விற்க வந்தவர்கள். வாங்க வந்தவர் யாருமில்லை. பத்து விசிட்டிங் கார்டுகளுடன் வீடு திரும்புகிறார். அவற்றில் ஒன்றுகூடத் தொழிலாக மாறவில்லை.

தொழிலாக மாறுவது வேறு விதமாக நடக்கிறது. ஒரு நாள் பக்கத்து நாற்காலிக்காரரின் லேப்டாப் உயிர்விடும் நேரத்தில் இவர் சார்ஜரைக் கொடுக்கிறார். மறு வாரம் அதே ஆள் இவருடைய திரையைப் பார்த்து, அந்த நீலம் சற்றுத் தூக்கலாக இருக்கிறதே என்கிறார். சரியான அபிப்பிராயம். அவர் ஆப் தயாரிப்பவர். மூன்று மாதம் கழித்து அவருடைய வாடிக்கையாளருக்கு லோகோ தேவைப்படுகிறது. அவர் இன்டர்நெட்டில் தேடவில்லை. தலையைத் திருப்புகிறார், அவ்வளவுதான். நீலத்தைப் பற்றிச் சொன்னபோது டிசைனர் முகம் சுளிக்காமல் மாற்றிப் பார்த்தது அவருக்கு நினைவிருக்கிறது. சொல்லிக்காட்டும் போர்ட்ஃபோலியோவைவிட அந்த ஒரு நிமிடம் அதிகம் பேசியிருக்கிறது.

வேலை மட்டுமே கைமாறுவதில்லை. உலக ஞானமும் மாறுகிறது. ஒரு கம்பெனி நான்கு மாதமாகப் பணம் தராமல் இழுத்தடிக்கிறது என்று டிசைனர் தேநீர் நேரத்தில் புலம்புகிறார் என்றால், ஜன்னலோரக் கணக்காளர் திரும்பிப் பார்க்கிறார். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, முறையாகப் பதிவு செய்துகொண்ட சிறு தொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு என்பது அவருக்கு அத்துப்படி. உத்யம் பதிவு செய்தாயிற்றா என்று கேட்கிறார். தனி மனிதர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கத் தெரியாத கேள்விக்குத் தேடு இயந்திரமும் பதில் தராது.

இதற்கெல்லாம் எழுதாத சட்டங்கள் உண்டு. ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவரைத் தொந்தரவு செய்வதில்லை. முதல் நாளே தன் சரக்கை விற்க முனைவதில்லை. கேட்ட உதவிக்குப் பதில் உதவியை மறப்பதில்லை. அதே சமயம் கணக்கும் எழுதிவைப்பதில்லை. பக்கத்துத் திரையில் கண்ணில் பட்டதை வெளியே சொல்வதில்லை. தனக்கு வராத வேலையைத் தெரிந்த ஒருவருக்குத் தள்ளிவிடத் தயங்குவதில்லை. இப்படித் தள்ளிவிடுபவர் இழப்பதில்லை. இரண்டு பேருக்கு வேண்டியவராகிறார். எழுதிய சட்டங்களும் இருக்கின்றன. கோப்பையைக் கழுவி வை, ஃபோனில் கத்தாதே என்று சமையலறைச் சுவரில் ஒட்டியிருப்பவை. குத்தலான அறிவிப்புப் பலகைகளுக்குப் பேர்போன புனேயில் இவை சற்றுக் காரமாகவே இருந்தால் ஆச்சரியமில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

படத்தில் கறுப்பு நிறமும் உண்டு. முதலாவது, பணம். வாடகையும் முன்பணமும் கட்டி, ஆறு மாதம் வேலை வராமல் தாக்குப்பிடிக்க அனைவராலும் முடியாது. பழக்கம் பழுக்க நாளாகும். அந்த நாட்களுக்கு வாடகை உண்டு. ஒரு நாள், இரண்டு நாள் பாஸ் எடுத்து வந்துபோகிறவருக்கு இன்டர்நெட் கிடைக்கும், இன்னொருவரின் நினைவில் இடம் கிடைக்காது.

இரண்டாவது, பெண்கள். சிநேகமாகப் பேசுவதைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆண்கள் கூடத்திலும் உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் வளரும் உறவுகளும், மாடியில் சிகரெட் வட்டத்தில் கைமாறும் தகவல்களும் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டிய பெண்ணைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. பகல் சாப்பாட்டு மேஜை பொதுவாக இருக்கும் கூடத்தில் இந்தக் குறை ஓரளவு குறைகிறது. டப்பாவைத் திறந்தால் பேச்சு தானாக வரும். புளியோதரைக்கும் பாக்ரிக்கும் இடையே பண்டமாற்று நடக்க யாருடைய அறிமுகமும் வேண்டாம்.

மூன்றாவது, இந்தத் தொழிலின் போக்கு. நீண்ட மேஜையில் ஒற்றை நாற்காலி வாடகைக்கு விடுவதைவிட, ஒரு மாடி முழுவதையும் ஒரே பெரிய கம்பெனிக்குக் கொடுப்பது லாபம், நிச்சயமான வருமானம். துறையின் பெரிய நிறுவனங்கள் பல இப்போது அதையே பிரதானத் தொழிலாகச் செய்கின்றன. விளைவு, கூடத்துக்குள் கண்ணாடி அறைகள். ஒவ்வொரு கதவிலும் அட்டை தேய்த்தால்தான் நுழைவு. அறைக்குள் இருப்பவர்களுக்குத் தங்கள் கம்பெனி ஆட்களே போதும். வெளியே நீண்ட மேஜை சிறுத்துக்கொண்டே வருகிறது. தனியாள் எந்த உறவுக்காக வாடகை தந்தாரோ, அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிறது, எட்டவில்லை. பெயரில் மட்டும் பொதுவான இடம் பழைய அலுவலகமாகவே மாறிவிடும் அபாயம் உண்மையானது.

வசதியாக இடம் கொடுத்தால் என்னவெல்லாம் விளையும் என்பதற்குச் சாட்சி பாணேர் சாலையிலேயே நிற்கிறது. அங்கே பாலேவாடியில் இருக்கும் தேசிய இன்ஷூரன்ஸ் அகாடமியில் படிக்கிறவர்கள் தங்கள் தொழிலின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் 1680-களில் லண்டனில் எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக் கடையில் போய் நிற்பார்கள். கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் வியாபாரிகளும் காபி குடிக்க வந்தார்கள், துறைமுகச் செய்திகளைப் பேசினார்கள். போகப்போக ஒருவருடைய நஷ்டத்தில் மற்றவர் பங்கேற்கும் ஒப்பந்தங்கள் அந்த மேஜைகளில் கையெழுத்தாயின. இன்று உலகப் புகழ் பெற்ற லாயிட்ஸ் இன்ஷூரன்ஸ் சந்தை அப்படித் தோன்றியதுதான். லாயிட் இன்ஷூரன்ஸ் விற்கவில்லை. காபியும், உட்கார இடமும், நம்பகமான செய்தியும் தந்தார்.

குன்றின் மேல்

ஞாயிற்றுக்கிழமை கூடம் காலியாக இருக்கும். ஆனால் பாணேர் குன்றில் காலை ஆறு மணிக்கே ஆள் நடமாட்டம். மொட்டையாகக் கிடந்த இந்தக் குன்றுகளில் உள்ளூர் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்காக மரக்கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார்கள். பழைய கிராமத்துக் குடும்பத்தினரும் புது அடுக்குமாடிக்காரர்களும் அங்கே சேர்ந்து வாளி சுமக்கிறார்கள். என்ன உத்தியோகம் என்ற கேள்வி மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் வருகிறது. அதற்குள் யார் சொன்னபடி வருகிறார், யார் பாதி வாளியோடு ஏறுகிறார் என்பது தெரிந்துபோயிருக்கும்.

தமிழில் பழக்கம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். திரும்பத் திரும்பச் செய்வதும் பழக்கம். ஒருவரோடு உண்டாகும் அறிமுகமும் பழக்கம். முதலாவது இல்லாமல் இரண்டாவது வருவதில்லை என்பதை மொழி எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அதே நாற்காலி, அதே நேரம், அதே முகங்கள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு பாணேர் சாலை மறுபடியும் நிரம்பி வழிகிறது. நான்காவது மாடியில் ஜன்னலோர நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பதினொரு மணி வரை கணக்காளரைக் காணவில்லை. தூணருகே இருக்கும் வீடியோ எடிட்டர் காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்கிறார், பிறகு ஃபோனை எடுக்கிறார். காய்ச்சலாம். மாத்திரை வாங்கிவர ஆள் வேண்டுமா என்று விசாரிக்கிறார். அவர்கள் இருவருக்கும் இடையே இதுவரை ஒரு ரூபாய்க்குக்கூடத் தொழில் நடந்ததில்லை.